வாங்கிப்போடாதே கண்ணு!

வா கண்ணு, இப்பிடிக் குந்து. அந்த லேப்டாப்பைச் சித்தே இக்கட்டத் திருப்பு. ஆபீஸ் வேலைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டு ராத்திரி முச்சூடும் நீ எதைப் பாத்துட்டு இருக்கறேன்னு தெரியாமயா நான் மாடிப்படி ஏறி வந்தேன்? செவப்பு நெறம். ரெண்டே சீட்டு. கம்பிச் சக்கரம். தலைக்கு மேல கூரை கெடையாது. 1966-ல பொறந்த எம்.ஜி.பி. காரு. உன்ற வயசை ரெண்டால பெருக்கினாலும் அதோட வயசுக்குப் பத்தாது.

வேண்டாஞ் சாமி. வாங்கிப்போடாதே. பொள்ளாச்சி ரோட்டுல பட்டறை போட்டு, அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் அடியில மல்லாந்து படுத்தே பாதி ஆயுசைக் கழிச்ச கெழவன் சொல்றேன், கேட்டுக்க. கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிப்போடறேன். நாளைக்கு உங்கம்மா "நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா"ன்னு கேட்டா, சொன்னேன்னு சொல்றதுக்காச்சு ஆகும்.

மொதல்ல இந்த இங்கிலாந்து மழையைப் பாரு. நான் விசா வாங்கி வந்து எறங்கின நாள்ல இருந்து வானத்துக்கு நீலம்னு ஒரு நெறம் இருக்கறதே மறந்துபோச்சு. இப்பேர்ப்பட்ட தேசத்துல போயி, கூரையில்லாத காரை எவன் செய்வான்? இவுங்க செஞ்சாங்க. ஒருத்தன் ரெண்டு பேரில்லே, ஊருக்கு ஊரு. அபிங்டன்ல எம்.ஜி., கவென்ட்ரியில டிரையம்ஃப், வார்விக்ல ஹீலி, மால்வெர்ன்ல மார்கன். எல்லாரும் மழையில நனைஞ்சுக்கிட்டே வெயிலுக்குத் தோதான வண்டி செஞ்சாங்க. ஏன்னு யோசிச்சுப் பாத்தியா?

வெயில் இங்க இல்லே கண்ணு, கலிபோர்னியாவுல இருந்துச்சு. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோட இந்த நாடு கடனாளியா நின்னுச்சு. வெளிநாட்டுக்கு வித்து டாலர் கொண்டாறவனுக்குத்தான் இரும்புத் தகடுன்னு சர்க்கார் கணக்குப் போட்டுக் குடுத்தாங்க. எம்.ஜி.க்காரன் டி.சி.ன்னு ஒண்ணு செஞ்சான். 1945-ல இருந்து 1949 வரைக்கும் பத்தாயிரம் வண்டி. சண்டைக்கு இங்க வந்த அமெரிக்கப் பட்டாளத்துக்காரங்க இந்தச் சின்ன வண்டிக மேல கிறுக்குப் புடிச்சு, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கறதைக்கூடச் சட்டை பண்ணாம ஊருக்கு ஏத்திட்டுப் போனாங்க. அப்புறம் வந்த எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி., எல்லாம் அந்தக் கதைதான். 1962-ல இருந்து 1980 வரைக்கும் கூரை போட்ட ஜி.டி.யையும் சேத்து அஞ்சு லட்சத்துக்கு மேல எம்.ஜி.பி. செஞ்சதுல பெரும்பங்கு கப்பல் ஏறி அமெரிக்கா போயிருச்சு. வெயில்ல அவன் தலைமுடி பறக்க ஓட்டினான். இங்கிருந்தவன் முழங்கால்ல மழைத்தண்ணி சொட்டச் சொட்ட ஓட்டினான். நீ இந்த ரெண்டாவது கூட்டத்துல சேரப் போறே.

கூரைத் துணி இருக்குதுங்கறயா? இருக்குது. அதைப் போட ஒரு வித்தை இருக்குது. மழை வர்றது தெரிஞ்சு, ஓரங்கட்டி, எறங்கி, சட்டத்தைத் தூக்கி, துணியை இழுத்து, பொத்தான் ஒவ்வொண்ணா அமுக்கி முடிக்கறதுக்குள்ள மழை நின்னிருக்கும். இதுல தேறினவங்க என்ன பண்றாங்கன்னு தெரியுமா? தொறந்தபடியே ஓட்டறாங்க. வேகமாப் போனா மழை கண்ணாடிக்கு மேலயே தாண்டிப் போயிருமாம். செவப்பு சிக்னல் விழுந்தாத்தான் நனைவாங்க. அந்த நேரத்துல பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடிக்குள்ள இருந்து சிரிப்பான். நீயும் சிரிக்கோணும். அது இங்கத்த மருவாதி.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. போன தடவை ஊருக்கு வந்தப்ப ஏர்போர்ட்டுக்கு நான் அம்பாசடர்ல வந்தேன். மூஞ்சியைச் சுளிச்சயே, ஞாபகம் இருக்குதா? "இன்னுமா அப்புச்சி இந்த டப்பா"ன்னு கேட்டே. இப்பக் கேட்டுக்க. நம்ம அம்பாசடர் இந்த ஊரு மாரிஸ் ஆக்ஸ்போர்டு. அதுக்குள்ள ஓடின 1,489 சி.சி. எஞ்சின் பேரு பி-சீரிஸ். அதே எஞ்சினுக்கு கார்புரேட்டர் ரெண்டு மாட்டி, கொஞ்சம் கார சாரம் ஏத்தி 1955-ல எம்.ஜி.ஏ.ன்னு வித்தாங்க. அதே குடும்பத்து எஞ்சினை 1,798 சி.சி.க்குப் பெருசு பண்ணினதுதான் நீ ராத்திரியில கண்ணு முழிச்சுப் பாக்கற எம்.ஜி.பி. நான் டாக்ஸி ஸ்டாண்டுல ஹெட்டைக் கழட்டி, வால்வு அரைச்சு, கேஸ்கெட் மாத்தின அதே சாதி. நம்மூர்ல அதுல ஒம்பது பேரு, மூட்டை முடிச்சு, ஆட்டுக்குட்டி ஒண்ணு ஏறினாங்க. இங்க ஒருத்தன் தொப்பி போட்டுட்டுத் தனியாப் போறான். அம்பாசடர்னா டப்பா, எம்.ஜி.ன்னா சீமான். உன்ற படிப்புக்கு ஒரு கும்பிடு.

எம்.ஜி.க்காரன் சூட்சுமமே அதுதான். ஆக்ஸ்போர்டுல வில்லியம் மாரிஸ்னு ஒருத்தர் சைக்கிள் கடையில ஆரம்பிச்சு மோட்டார் கம்பெனி முதலாளி ஆனவரு. அவரோட மாரிஸ் கராஜுக்கு 1922-ல செசில் கிம்பர்னு ஒரு மேனேஜர். முதலாளியோட சாதாரண மாரிஸ் வண்டியை வாங்கி, பாடியைக் குறைச்சு, அழகா ஒண்ணைக் கட்டி விட்டாரு கிம்பர். மாரிஸ் கராஜோட முதல் எழுத்து ரெண்டுதான் எம்.ஜி. குடும்பஸ்தன் காரோட சாமானை வச்சே குஷிக்காரன் வண்டி செய்யறது. அதனாலதான் வெலையும் கட்டுபடியாச்சு, எந்த ஊரு மெக்கானிக்குக்கும் கை வெக்க முடிஞ்சுது. அதே சூட்சுமத்தை டிரையம்ஃப்காரனும் புடிச்சுக்கிட்டான். அவனோட ஹெரால்டு காரு மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டா ஓடிச்சே, அந்தச் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல ஸ்பிட்ஃபயர்னு விட்டான். பானெட்டு ஒட்டுக்கா முன்னால கவுந்து தொறக்கும். சக்கரத்து மேலயே குந்திக்கிட்டு வேலை பாக்கலாம். ஹெரால்டுல நான் அப்படித்தான் பாத்தேன், முதுகு வலியே தெரியாது. எனக்குக் கேட்டா அதுதான் சௌரியம். ஆனா நீ கேக்கலே.

சரி, வாங்கவே போறேன்னு நிக்கறே. அப்ப எங்க பாக்கோணும்னு தெரியுமா? நீ பெயிண்டைப் பாக்கறே, சீட்டு தோலைப் பாக்கறே, ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு போட்டோ எடுக்கறே. கண்ணபுரம் சந்தைக்கு மாடு வாங்கப் போறவன் கொம்புக்குப் பூசின வர்ணத்தையா பாப்பான்? வாயைத் தொறந்து பல்லைப் புடிச்சுப் பாப்பான். எம்.ஜி.பி.க்குப் பல்லு எதுன்னா, கதவுக்கு அடியில ஓடற சில்லு. இந்த வண்டிக்குத் தனியாச் சேஸி கெடையாது. பாடியேதான் சேஸி. கூரையும் இல்லாததால மொத்தப் பாரமும் அந்தச் சில்லு மேலதான் நிக்குது. வெளித் தகடு, நடுவுல ஒண்ணு, உள்ளத் தகடுன்னு மூணடுக்கு. இந்த ஊர்ல குளுருகாலத்துல ரோட்டுல உப்புப் போடறாங்களே, பனி உருகறதுக்கு, அது போயி அந்த அடுக்குக்குள்ள ஒக்காந்து உள்ளிருந்தே தின்னுரும். வெளியில பளபளன்னு இருக்கும்.

வித்தை சொல்றேன். கதவைத் தொறந்து மூடிப் பாரு. கதவுக்கும் பின் பாடிக்கும் நடுவுல இருக்கற சந்து மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கோணும். மேல நெருங்கி கீழ அகண்டிருந்தா வண்டி நடுவுல தொங்கிப்போச்சுன்னு அர்த்தம். காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போ. சில்லுல அது ஒட்டாத எடத்துல இரும்பு இல்லே, பட்டிதான். விக்கறவன் மூஞ்சியைப் பாக்காதே. நல்லவனாத்தான் இருப்பான். டீ குடுப்பான், பிஸ்கட்டும் குடுப்பான். அவனுக்கும் உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது.

போனதும் பானெட்டு மேல கையை வை. சூடா இருந்தா, நீ வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். குளுந்த எஞ்சினைத்தான் எழுப்பிப் பாக்கோணும். எழுந்ததும் ஆயில் பிரஷர் முள்ளைப் பாரு. சூடேறி ஓடறப்ப அம்பது, அறுபதுல நிக்கோணும். 1964 கடைசிக்கு முன்னால வந்த எஞ்சின்ல கிராங்குக்கு மூணு பேரிங், அப்புறம் வந்ததுல அஞ்சு. உன்ற செவப்பிக்கு அஞ்சு. அது நல்லதுதான். இப்படி நல்லது கெட்டது நான் சொல்றதை வச்சு நான் வாங்கச் சொல்றேன்னு நெனைச்சுக்காதே.

கறுப்பு ரப்பர் பம்பர் வச்ச வண்டி வெலை குறைச்சலா வருதேன்னு அதைக் கேக்கறயா? 1974-ல அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து பம்பரை மாத்தி, உசரத்தையும் ஒண்ணரை அங்குலம் ஏத்தினாங்க. அதுக்கு முன்னால குனிஞ்சு ஓடின வண்டி, அதுக்கப்புறம் எட்டிப் பாத்து ஓடிச்சு. வளைவுல சாயும். அதை எறக்கி நேர் பண்ணறவனும் இருக்கான். ஆனா வண்டியைப் பாத்துப் பெருமூச்சு விடறதுக்குன்னே வாங்கறவன் குரோமியம் பம்பரைத்தான் வாங்குவான். நீ பெருமூச்சு விடற சத்தம் எனக்கு அடுத்த ரூம்ல கேக்குது.

சாமான் கெடைக்குமான்னு பயப்படாதே, அது ஒண்ணுல மட்டும் உனக்கு யோகம். இந்த ரீடிங்ல இருந்து போனா விட்னின்னு ஒரு ஊரு. அங்க பழைய அச்சுகளைத் தேடிப் புடிச்சு வச்சுக்கிட்டு எம்.ஜி.பி.க்கு முழுப் பாடியையே புதுசா அடிச்சுக் குடுக்கறாங்க. போல்ட்டு, நட்டு, சீட்டு, கேஸ்கெட், எல்லாம் தபால்ல ஊட்டு வாசலுக்கு வருது. நீ வச்சிருக்கற மூணு வருசத்துப் போனுக்குப் பேட்டரி கெடைக்கலேன்னு போன வாரம் அழுதே. அறுவது வருசத்து வண்டிக்குப் பாடியே கெடைக்குது.

கரண்டு சங்கதிக்கு வருவோம். இங்க லூகாஸ்னு பேரு சொன்னாலே இருட்டுக்கு ராசகுமாரன்னு கேலி பேசறாங்க. பர்மிங்காம் கம்பெனி. நம்ம மெட்ராஸ் பாடியில டி.வி.எஸ்.ஸோட சேந்து 1961-ல கடை விரிச்சவனும் அவன்தான். நான் ஒரு வார்த்தை அவன் பக்கம் பேசறேன். பாதிக் கோளாறு அவன் சாமான்ல இல்லே. எர்த் ஒயர்ல. அறுவது வருசம் ஈரத்துல கெடந்த இணைப்புல துரு புடிச்சா, கரண்டு எந்த வழியா வரும்? எல்லா இணைப்பையும் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, திருப்பி மாட்டு. லைட்டு எரியும். ஒரு ஞாயித்துக்கெழமை வேலை. சரி, ரெண்டு ஞாயித்துக்கெழமை.

ஆனா 1966 வண்டியில ஒரு விசயம், மறக்காதே. பாடிக்குப் போறது நெகட்டிவ் இல்லே, பாசிட்டிவ். 1967-ல தான் மாத்தினாங்க. தெரியாம உன்ற போன் சார்ஜரைச் சொருகினே, புகை கெளம்பும். பேட்டரி ஒண்ணு இல்லே, ஆறு வோல்ட்டு ரெண்டு. எங்க வச்சிருக்கான்னு கேளு. சீட்டுக்குப் பின்னால, கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைத் திருகிக் கழட்டி, குப்புறப் படுத்துக் கையை உடோணும். ஒண்ணுக்குச் சீக்கு வந்தா இன்னொண்ணும் படுத்துக்கும். அப்புறம் பெட்ரோல் பம்பு. பின் சக்கரத்துக்குப் பக்கத்துல எஸ்.யூ. கம்பெனி பம்பு. சாவியைத் திருப்பினதும் டிக் டிக் டிக்குன்னு பேசும். ரொம்பினதும் நிறுத்திக்கும். பேசவே இல்லையா? எறங்கிப் போயி சுத்தியால மெதுவா ஒரு தட்டு. திருப்பிப் பேசும். உனக்குச் சாப்ட்வேர் எழுதத் தெரியும், ஒரு தட்டுல எதையாச்சும் ஓட வச்சிருக்கறயா?

இப்ப நீ சிரிக்கறே. பாரு, இதுதான் ஆபத்து. இந்த வண்டியோட மயக்கமே இங்கதான் இருக்குது, நீ படத்துல பாக்கற செவப்புல இல்லே. உங்கப்பன் கார்ல பட்டனை அமுக்கினா ஓடுது, அமுக்கினா நிக்குது. உள்ள என்ன நடக்குதுன்னு அவனுக்கும் தெரியாது, காருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சா கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போகோணும். அங்க ஒருத்தன் கம்ப்யூட்டரைச் சொருகி, தொகையை மட்டும் சொல்லுவான். எம்.ஜி.பி.யில எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. பானெட்டைத் தூக்கினா எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் தரை தெரியும். எது எதைத் தள்ளுது, எது எதை இழுக்குதுன்னு வெரலை வச்சுக் காட்டலாம்.

அந்த எஸ்.யூ. கார்புரேட்டரையே எடுத்துக்க. ரெண்டு இருக்கும், அக்கம் பக்கத்துல. உள்ளுக்குள்ள ஒரு பிஸ்டன். எஞ்சின் மூச்சு இழுக்க இழுக்க அது மேல எந்திரிக்கும். அதுக்கு அடியில ஒரு ஊசி, கீழ போகப் போகக் கூராகும். பிஸ்டனோட ஊசியும் மேல வர, ஜெட்டுல சந்து பெருசாகி, பெட்ரோல் கூடக் கூட வரும். காத்தும் பெட்ரோலும் தானா கணக்குப் போட்டுக்கும். நீ திடீர்னு ஆக்சிலேட்டரை மிதிச்சா பிஸ்டன் துள்ளிக் குதிச்சிரக் கூடாதுன்னு தலையில ஒரு டாஷ்பாட்டு, அதுல சொட்டு ஆயில். அந்த ஆயில் காஞ்சுபோனா வண்டி திக்கும். ரெண்டு ஸ்பூன் ஊத்தினா சரியாப் போயிரும். ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாரு! கம்ப்யூட்டர் இல்லே, சென்சார் இல்லே, ஒரு ஊசி.

ரெண்டையும் ஒரே மாதிரி மூச்சு விட வைக்கறதுதான் வேலை. அதுக்கு மெஷின் விக்கறான். வாங்காதே. ஒரு ரப்பர் டியூப்பு போதும். ஒரு முனை காதுல, மறு முனை கார்புரேட்டர் வாயில. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும். பக்கத்துல இருக்கறதுக்கு மாத்து. அதுவும் அதே உஸ்ஸு கேக்கற வரைக்கும் திருகாணியைக் கால் திருப்பு, அரைத் திருப்பு. ரெண்டும் ஒண்ணாச் சேர்ற நேரத்துல எஞ்சினோட உதறல் நிக்கும் பாரு… ம். சரி சரி. நான் சொல்ல வந்தது, இதுக்கெல்லாம் உனக்குப் பொறுமை இருக்காதுங்கறதுதான்.

ஓட்டறது? உனக்கு ஓட்டத் தெரியாது கண்ணு. கோவப்படாதே. உன்ற லைசென்சு ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் குடுத்தது இல்லேன்னு எனக்குத் தெரியும், கியர் போடுவே. ஆனா 1966 வண்டியில முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லே. வண்டி உருண்டுட்டு இருக்கறப்ப முதலுக்கு எறக்கோணும்னா டபுள் கிளட்ச். கிளட்சை மிதி, நியூட்ரல், உடு, ஆக்சிலேட்டரை ஒரு உறுமல், மறுபடி கிளட்சு, கியர். தப்பினா கியர் பாக்ஸ் உன்னைத் திட்டும், ஊரே திரும்பிப் பாக்கும். பிரேக்குக்குப் பூஸ்டர் இல்லாத வண்டியா இருந்தா கால்ல பலம் வேணும். குதிரைச் சக்தி எத்தனைங்கறே, தொண்ணூத்தஞ்சு. இன்னைக்கு கடைக்குப் போற சின்னக் காரே அதைத் தாண்டிரும். அறுவது மைல் வேகம் புடிக்கறதுக்குப் பதினோரு, பன்னெண்டு செகண்டு ஆகும். மைலேஜு கேக்காதே. சரி, கேட்டுட்டே: லிட்டருக்கு ஒம்பது கிலோமீட்டர் குடுத்தாப் பெருசு.

ஆனா பாரு, இடுப்பளவுகூட உசரம் இல்லாத கதவு. கையைத் தொங்க உட்டா ரோடு எட்டிப் புடிக்கற தூரத்துல. நாப்பது மைல் வேகத்துல போனா உனக்கு எண்பதுன்னு தோணும். போலீஸ்காரனுக்கு நாப்பதுன்னுதான் தோணும். இதைவிட லாபம் வேற எந்த வண்டியில உண்டு? எம்.4 மோட்டார்வேயில மட்டும் ஏறாதே. அங்க லாரிச் சக்கரம் உன்ற காதுக்கு நேரா சுத்தும். ரீடிங்கை உட்டு, தேம்ஸ் ஆத்தோரமா பாங்போர்ன், ஸ்ட்ரீட்லின்னு வாலிங்ஃபோர்டு வரைக்கும் ஒரு ரோடு போகுதே, அதுல போ. ரெண்டு பக்கமும் வேலி, மேல மரம். மழை பேஞ்ச மண்ணு வாசம், யாரோ புல்லு அறுத்த வாசம், யாரோ சமைக்கற வாசம், நடுநடுவுல உன்ற வண்டியோட சொந்தப் பெட்ரோல் வாசம். ஓவர்டிரைவ் இருந்தா நாலாவது கியர்ல சுவிட்சைத் தட்டு, எஞ்சின் குரலை எறக்கிப் பேசும்.

எதுத்தாப்பல இன்னொரு எம்.ஜி. வந்தா அவன் கையைத் தூக்குவான். நீயும் தூக்கோணும். இங்கிலீஷ்காரன் தெரியாதவனுக்குக் கையைத் தூக்கறது அபூர்வம். இந்தத் தெருவுல நீங்க குடிவந்து இத்தனை வருசமாச்சே, பக்கத்து ஊட்டுக்காரன் பேரு உனக்குத் தெரியுமா? வானிலை பேசுவான், குப்பைத் தொட்டி நாளைப் பேசுவான், அவ்வளவுதான். ஒருநாள் வாசல்ல பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு கையில ஸ்பேனரோட சும்மா நின்னு பாரு. பக்கத்து ஊட்டுக்காரன் வருவான். எதுத்த ஊட்டுக்காரன் டார்ச்சோட வருவான். நாலு ஊடு தள்ளி இருக்கற கெழவன் குச்சியூணிக்கிட்டு வந்து, "எங்கப்பா ஒண்ணு வச்சிருந்தார்"னு ஆரம்பிச்சு, இருட்டற வரைக்கும் போக மாட்டான். பெட்ரோல் பங்குல நிறுத்தினா அஞ்சு நிமிச வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தக் கதை எல்லாத்துக்கும் நேரம் இருக்கறவனுக்குத்தான் இந்த வண்டி. உனக்கு எங்க நேரம்? பாவம், ராத்திரி பூரா ஆபீஸ் வேலை.

சர்க்கார் பக்கம் மட்டும் தொந்தரவில்லே. நாப்பது வயசு தாண்டின வண்டிக்கு ரோட்டு வரி கெடையாது. 2018-ல இருந்து வருசாந்தர சோதனையும் கட்டாயமில்லே. லண்டனுக்குள்ள போனா புகைக் கட்டணமும் வாங்க மாட்டாங்க. காசு இல்லாட்டியும் வரிப் பதிவை மட்டும் வருசா வருசம் புதுப்பிச்சுக்கோணும். சோதனை வேண்டாம்னு சொன்னாங்கறதுக்காக சோம்பிப் போயிராதே. வருசத்துக்கு ஒருக்கா காசு குடுத்தாச்சும் காட்டு. பிரேக்கை நீயே பாத்து நீயே சர்டிபிகேட் குடுத்துக்கறது ஆகாது. பெட்ரோலும் பாத்துப் போடு. 2021-ல இருந்து இங்க சாதாரண பெட்ரோல்ல நூத்துக்குப் பத்துப் பங்கு வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. பழைய ரப்பர் குழாயை அது இளக்கிப்போடும். கூட வெலையான அஞ்சு பங்குக்காரனைப் போடு. ஈயம் கலந்த பெட்ரோலை 2000-லயே நிறுத்திட்டாங்க. அதனால ஹெட்டுல கெட்டி வால்வு சீட்டு மாத்தியாச்சான்னு விக்கறவனைக் கேளு. இந்தக் கேள்வியைக் கேட்டாலே அவன் நிமிந்து உக்காருவான், வெலையைக் கொஞ்சம் எறக்கிப் பேசுவான்.

இப்பேர்ப்பட்டதை அபிங்டன்ல 1980-ல பூட்டிப் போட்டாங்க. புது மாடலுக்குக் காசு போடலே, பழசையே பதினெட்டு வருசம் வித்தாங்க. அப்புறம் 1989-ல ஜப்பான்காரன், மாஸ்டாக்காரன், இவுங்க வண்டியையெல்லாம் பாத்துக் கத்துக்கிட்டு, ஒழுகாத, நிக்காத, கூரையை ஒரு கையில மூடற மாதிரி ஒண்ணு செஞ்சான். உலகமே வாங்குச்சு. புத்தி இருக்கறவன் அதை வாங்குவான். நீ அதைப் பாக்கக்கூட இல்லே. நான் பாத்தேன், உன்ற லேப்டாப்புல அதுக்கு ஒரு பக்கமும் தொறந்து இல்லே.

அப்புறம் பெரிய கேள்வி ஒண்ணு. ரெண்டு சீட்டு வண்டியில உங்கம்மா எங்க குந்துவா? மளிகைக் கடைக்குப் போனா இருபது கிலோ அரிசி மூட்டையை எங்க வைப்பே? பொண்ணு பாக்கப் போறப்ப நீ, உங்கம்மா, உங்கப்பன், தேங்காய் பழத் தட்டு, நாலு பேரும் எப்படிப் போவீங்க? உனக்கு வர்ற மகராசிக்கு முடி பறக்கறது புடிக்கோணும், ஆயில் வாசம் புடிக்கோணும், நடு ரோட்டுல நீ சுத்தியோட எறங்கிப் போயி பின் சக்கரத்தைத் தட்டறப்ப சிரிக்கவும் தெரியோணும். அப்படி ஒருத்தி அமையற வரைக்கும் அந்த இடது சீட்டு சும்மாத்தானே கெடக்கும்? சும்மா கெடந்தா தோல் காஞ்சு வெடிச்சுப் போகும். அதுக்காகத்தான், வேற ஒண்ணுக்கும் இல்லே, நான் குந்திக்கறேன். குளுருமேன்னுதான் நேத்து கடையில ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வச்சேன்.

அந்த விக்கறவன் வர்ற சனிக்கெழமை வெடியக்காத்தால வரச் சொல்லியிருக்கான். என்னை ஏன் அப்படிப் பாக்கறே? நீதான் நம்பரை மேசை மேல எழுதி வச்சிருந்தே. என்ற இங்கிலீஷ் அவனுக்குப் புரியலே, அவன் இங்கிலீஷ் எனக்குப் புரியலே, ஆனா எஸ்.யூ.ன்னு சொன்னதும் ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சுபோச்சு. எஞ்சினைச் சூடு பண்ணி வைக்காதேன்னு சொல்லிப்போட்டேன். காந்தம் என்ற பையில இருக்குது. கம்பிச் சக்கரத்து காது நட்டைத் தட்டறதுக்கு செம்புச் சுத்தி வேணும், இரும்புச் சுத்தியில அடிச்சா குரோமியம் போயிரும். அது நீ வாங்கு.

கராஜ் சங்கதி கேக்கறயா? அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், உங்கப்பன் ஓட்டாத சைக்கிள், எல்லாம் மாடிப் படிக்கு அடியில போயாச்சு. எலி வருதுன்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன். அவளே நின்னு கூட்டிக் குடுத்தா.

லேப்டாப்பை மூடு, காலடிச் சத்தம் கேக்குது. வாம்மா, வா. காபியா? இங்கயே வச்சிரு. ஒண்ணுமில்லேம்மா, உன்ற மகனுக்குப் புத்தி சொல்லிட்டு இருக்கறேன்.